கொம்பு தனி, கால் தனி

பென்டிரைவைக் கண்டால் அவர் கை தானாக நீளும். யாருடையது, எதற்குக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா விசேஷங்களுக்கும் வீடியோ எடுத்துக் கொடுக்கிற கடை. படியேறி வந்தவர், "சார், மாப்ள வூட்டு போட்டோ இதுல இருக்குது" என்று சட்டைப் பையைத் தடவுவதற்குள் இவர் உள்ளங்கை வந்தவர் முகத்துக்கு முன்னால் இருக்கும். வாங்குவார். உள்ளே இருப்பதை எல்லாம் பெட்டியில் ஏற்றுவார். அப்புறம் பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்து, கழுவிக் கவிழ்த்த டம்ளரைப் போலத் திருப்பிக் கொடுப்பார்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க சார்?"

"இங்க பத்திரமா இருக்குது. ரெண்டு எடத்துல இன்னாத்துக்கு? ரெண்டு எடத்துல இருந்தா ரெண்டுமே பொய்."

வந்தவர் என்னைப் பார்ப்பார். நான், "அண்ணங்கிட்ட குடுத்தா போவாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தக் கடையில் நாங்கள் மூன்று பேர். கடை முதலாளி அவர், வீடியோ எடிட்டிங். சரோஜாக்கா ஆல்பம் டிசைன். நான் கேமராவும் ஒலிப்பதிவும். மூன்று பேருக்கும் மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். அவருடையது விண்டோஸ். சரோஜாக்காவுடையது மேக், யாரோ உழைத்துத் தள்ளிவிட்டதைப் பழசாக வாங்கியது. என்னுடையது நான் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். பெருமைக்காக இல்லை, வேறு எதைப் போட்டாலும் அதற்கு மூச்சு வாங்கியது. ஒரு நாதஸ்வரத் துண்டு வேண்டுமென்றால் மூன்று பேரும் மூன்று இடத்தில் தேடுவோம். என்னிடம் இருப்பது அவரிடம் இருக்காது. அவர் திருத்தியது சரோஜாக்காவிடம் திருந்தாமல் இருக்கும். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் பழைய பெயரோடு ஆல்பமும், ஜோசியர் மாற்றிக் கொடுத்த புதுப் பெயரோடு வீடியோவும் போய், பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் பெட்டியை வாங்கிவந்தார். சோற்று டப்பா அளவில் கறுப்பாக ஒன்று. அலமாரியின் மேல் தட்டில் வைத்து, அங்கிருந்து மூன்று மேஜைக்கும் ஒயர் இழுத்தார். பாட்டு, படம், வீடியோ, சத்தங்கள் எல்லாம் இனி அதற்குள். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திறந்தாலும் அதே பட்டியல் தெரியும். ஒருவர் திருத்தினால் மூவருக்கும் திருந்தும். உள்ளே இரண்டு டிஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று விற்றவரே சொல்லியிருக்கிறார். இவர் ஒன்றுதான் போட்டார்.

"கோயில்ல மூலவர் எத்தினி? ஒண்ணு. நீ எந்த வாசல்ல வந்தா இன்னா, உள்ள இருக்கறது அதே சாமி" என்றார். அவருக்கு ஊர் ரிஷிவந்தியம், கோயில் ஊர். கோயில் உதாரணம் இல்லாமல் அவருக்கு எதையும் விளக்க வராது.

"உற்சவர்னு ஒருத்தர் வெளிய போய்க்கினு வராரே ணா?" என்று சரோஜாக்கா கேட்டாள்.

"அது கோயிலுக்கு. நம்மகிட்ட உற்சவர் கெடையாது."

சொன்னதோடு நிற்கவில்லை. எங்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து, பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழித்தார். வாரத்துக்கு ஒரு தரம் வந்து சோதனை போடுவார். ஏதாவது மிச்சம் இருந்தால் நம் வீட்டு அடுப்படியில் கரப்பான் பூச்சியைப் பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். "இது இன்னாம்மா டூப்ளிகேட்டு? அழிச்சிடு. அங்க இருக்குதுல்ல." நானும் அழித்துவிடுவேன். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை அவ்வளவு சுத்தமாக நடந்தது.

அவருக்கு எதிலும் இரண்டு கூடாது. ஒரு பேனா, ஒரு சீப்பு, ஒரு ஜோடி செருப்பு. செருப்பு அறுந்தால் கீழே கடைக்கு வெறுங்காலோடு இறங்கிப் போவார். ரேஷன் கார்டு ஜெராக்ஸை வேலை முடிந்ததும் கிழித்துவிடுவார். சொன்ன கதையை நாம் மறந்து மறுபடி ஆரம்பித்தால் கையைத் தூக்கி, "டூப்ளிகேட்டு" என்பார். சரோஜாக்காவின் மாமியார் கதைகள் பாதிக்கு மேல் அப்படித்தான் வாயிலேயே செத்தன.

சின்னசேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரட்டைப் பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைத்தது. இரண்டும் ஆண். இரண்டுக்கும் ஒரே மாதிரி பட்டுச்சட்டை, மொட்டைத் தலையில் ஒரே மாதிரி சந்தனம், ஒரே தாய்மாமன் மடி. நான்தான் எடுத்தேன். வீடியோவைக் கொடுத்து நாலு நாள் கழித்துப் பிள்ளைகளின் அப்பா படியேறி வந்தார். கோபம்கூட இல்லை, குழம்பிப்போயிருந்தார்.

"சார், எங்க சின்னவனுக்குக் காது குத்தவே இல்லியே சார் இதுல."

இவர் பார்த்தார். ஒரே காட்சியை நான் இரண்டு தரம் எடுத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாவதை அழித்திருக்கிறார். பெட்டியிலிருந்தும்தான். வேறெங்கும் கிடையாது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேங்க அழுவுது" என்றார், நிதானமாக.

கடைசியில் பெரியவன் அழுவதையே இடவலமாகத் திருப்பிப் போட்டுச் சின்னவனாக ஆக்கிக் கொடுத்தார். அவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் சரோஜாக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. யாருக்கோ போனதென்றால் நமக்குச் சிரிப்புதானே.

மூளைக்காரர், அதில் சந்தேகம் இல்லை. பெட்டி வந்த மூன்றாம் மாதம் சில பாட்டும் படமும் மட்டும் கண்ணாமூச்சி ஆடின. சரோஜாக்கா பெயர் வைத்துப் பெட்டியில் போடுவாள். பட்டியலில் பெயர் கண்ணெதிரே நிற்கும். அதே பெயரைத் தட்டித் தேடினால் இல்லை என்று வரும். கோலாட்டம் இல்லை, தோரணம் இல்லை, மொய் இல்லை. மேளம் இருக்கிறது, மாலை இருக்கிறது, தாலி இருக்கிறது. எனக்குப் பயமாகவே இருந்தது. அவர் இரண்டு நாள் டீ மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மூன்றாம் நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

"பாரு. கோன்னு நான் அடிச்சா என் மெஷினு ஒரே எழுத்தா வெச்சிக்கிது. சரோஜா மெஷினு கே எழுதி, பக்கத்துல ஒரு கால நட்டு வெக்குது. கொம்பு தனி, கால் தனி. பாக்கறதுக்கு ஒண்ணு, எண்ணுனா ரெண்டு. நமக்குக் கண்ணுல பட்டா போதும். மெஷினு எண்ணிப் பாக்குது."

ஒன்றாம் வகுப்பில் நாங்களும் கொம்பு, க, கால் என்று தனித்தனியாகச் சொல்லித்தான் கோ எழுதினோம். அந்த வகையில் சரோஜாக்காவின் மேக் நல்ல பிள்ளை என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்காமல் ஒரு சின்ன நிரல் எழுதிப் பெட்டியில் போட்டார். பிரிந்து வருகிற கொம்பையும் காலையும் அதுவே சேர்த்துவிடும். அதற்குப் பிறகு எழுத்தால் ஒரு பாட்டும் தொலையவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் அம்மா பெயர் கோவிந்தம்மா. எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை. நடவு, களை, கரும்புச் சோகை உரிப்பது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று என் சின்ன வயதிலேயே போய்விட்டது. அதிலிருந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. போனைத் தூக்கினாலே எழுந்து போய்விடுவாள். ஊரார் கல்யாணத்தை எல்லாம் படம் பிடிக்கிற என்னிடம் அவள் படமாக இருந்தவை ஆதார் அட்டையும் நூறுநாள் வேலை அட்டையும்தான்.

கல்வராயன் மலையில் ஒரு ஜோடியைக் கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படப்பிடிப்பு வந்தது. வெள்ளிமலைக்குப் போகும் வழியில் பெரியார் அருவி. அம்மாவுக்கு அருவி பார்க்க ஆசை, கூட்டிப்போனேன். காலர் மைக்கின் சத்த அளவைச் சரிபார்க்க அதை அவள் சேலையில் குத்திவிட்டு, அப்படியே மறந்துபோய்ப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

பதினோரு நிமிஷம் அவள் தனக்குத்தானே பேசியிருக்கிறாள். "இன்னா குளுருடி இது, எலும்பு வரைக்கும் போவுது." "அந்தப் பொண்ணு பாவாடைய இம்மாம் நீளம் வுட்டுக்கினு பாறை மேல ஏறுதே, அவங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாளா?" "எம்பொண்ணு மலரு சரியா சாப்பிடறதே இல்ல, கழுத்தெலும்பு தெரியுது பாரு." அப்புறம் கோட்டு சூட்டுப் போட்ட மாப்பிள்ளை பாறையில் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, முந்தானை இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் விக்கல் மாதிரி ஒரு 'ஹக்'. அப்புறம் மூச்சை இழுத்து மேலே போய், உடைந்து உடைந்து இறங்கி, "அய்யோ சாமி" என்று முடிந்தது. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் கடையில் மூன்று பேரும் கேட்டோம். சரோஜாக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோவிந்தம்மா" என்று பெயர் வைத்துப் பெட்டியில் போட்டேன். லேப்டாப்பிலும் ஒன்று வைத்திருந்தேன். அந்த வாரச் சோதனையில் அவர் அதைப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்க?"

"அம்மாவுது ணா. இருக்கட்டும்."

"அங்க இருக்கறது உங்க அம்மா இல்லியா? அழிச்சிடு."

அழித்தேன். ரெக்கார்டரில் இருந்ததை அடுத்த விசேஷத்துக்காக முன்பே துடைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அம்மா இறந்துபோனாள். வயலிலிருந்து வந்து, மார் வலிக்கிறது என்று படுத்தவள்தான். அவரும் சரோஜாக்காவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். அவர் தெருவில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார், கடைசிவரை இருந்தார். ஆதார் அட்டைப் படத்தில் அம்மா ஏதோ திருடிவிட்டு மாட்டியவள் மாதிரி மிரண்டு முழிப்பாள். அவர் மூன்று நாள் உட்கார்ந்து அந்த மிரட்சியைக் கண்ணிலிருந்து எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் காரியத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாலை போட்டிருப்பது அந்தப் படத்துக்குத்தான். கழற்றிப் போட மனம் வரவில்லை. வேறு படமும் இல்லை.

"கொரலு பெட்டியில இருக்குதில்ல ணா?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"மூலவர் பாத்துக்குவாரு. நீ மொதல்ல சாப்புடு" என்றார்.

அம்மா குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு உடனே வரவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் பழைய பெட்டி நிறைந்து, எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றினார். அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் தேடினேன். இல்லை. அவர் மெஷினில் தேடினோம். சரோஜாக்கா மெஷினில் தேடினோம். இல்லை.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "கோவிந்தம்மா. கோ. மாத்தும்போது கொம்பு தனி, கால் தனி ஆயிருக்கும்மா. புதுப் பெட்டி அந்தப் பேர ஏத்துக்கல. பழசையும் துடைச்சிட்டேன்."

எனக்கு அது உடனே விளங்கியது, அதுதான் கொடுமை. அவரே சொல்லிக் கொடுத்த பாடம்தானே. என் அம்மா பெயரில் ஒரு காலும் கொம்பும் இருந்ததால் அவள் குரல் போயிற்று என்று நம்பினேன். ஆயிரம் பெண்களுக்கு லட்சுமி என்று பெயர் வைக்கிறார்களே, இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர் என்று செத்துப்போன பாட்டன் மேல்கூடக் கோபப்பட்டேன். அவர் என் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, அழிந்ததை மீட்கிற மென்பொருள் எல்லாம் போட்டுத் தேடினார். மத்தியானம் சாப்பிடக்கூட எழவில்லை. நான்தான் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி புளிச்சோற்றை அவருக்கு வைத்து, "பரவால்ல ணா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று தேற்றினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

சரோஜாக்கா மட்டும் ஒருநாள், அவர் இல்லாத நேரத்தில், "மலரு, என் பேர்லயும்தான் ரோ இருக்குது. என் போல்டர்ல ஒரு படம் போவலியே" என்றாள்.

"உங்களுக்கு அம்மா இருக்காங்க. உங்களுக்கு இன்னாக்கா தெரியும்?" என்று அவள் மேல் பாய்ந்தேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. நம்ப வேண்டியவளை விட்டுவிட்டு யாரை நம்பினேன் பாருங்கள்.

அடுத்த தை மாதம், கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபம். காலை முகூர்த்தம். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் நிச்சயதார்த்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அவர் எடிட் செய்தது. நான் கேமராவைத் தோளில் வைத்து ஐயரின் கையை எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் மாப்பிள்ளை வாய்க்குப் போகிற லட்டைத் தவறவிடுகிறான். உடனே ஒரு 'ஹக்'. மூச்சு மேலே போய், உடைந்து உடைந்து இறங்கியது. "அய்யோ சாமி" வருவதற்கு முன்னால் வெட்டுப்பட்டது.

என் கேமரா ஐயரின் கையை விட்டுப் பெரிய திரைக்குத் திரும்பியிருந்தது. திருப்பியது நான்தான். கூட்டம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. என் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், செத்துப் பதினோரு மாதம் கழித்து, முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில். தாலி கட்டுகிறவரை எப்படி நின்று எடுத்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் கடைக்கு முதல் ஆளாகப் போனேன். அந்த வீடியோவின் எடிட்டிங்கைத் திறந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பெட்டியில், கைதட்டல், மழை, குழந்தை அழுகை எல்லாம் இருக்கிற இடத்தில், "சிரிப்பு 07". நாலு விநாடி. உருவாக்கிய தேதி, நாங்கள் அருவிக்குப் போய்வந்த மறுவாரம். அம்மா உயிரோடு இருந்த நாள் அது. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு எந்தெந்த வேலையில் போயிருக்கிறது என்று தேடினேன். பதினாறு கல்யாணம். அதில் ஏழு அம்மா போன பிறகு.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் பொத்தானைத் தட்டினேன். அம்மா சிரித்தாள்.

"இது இன்னா ணா?"

"சிரிப்பு."

"யாரு சிரிப்பு?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நீ கோவிந்தம்மான்னு தேடுன. அந்தப் பேர்ல இல்லன்னு சொன்னேன்."

"மீதி எங்க?"

"எல்லாம் தண்ணி எரைச்சலும் பேச்சுமா இருந்துச்சி. வேலைக்கு ஆவறது இவ்ளோதான். வெட்டி எடுத்துக்கினு மிச்சத்த அழிச்சிட்டேன். அப்ப உங்க அம்மா நல்லாத்தானேம்மா இருந்தாங்க. எப்ப வேணா இன்னொரு தபா பேசப் போறாங்க, இன்னா இப்பன்னு நெனச்சேன்."

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பொறுத்திருப்பேன்.

"அப்ப அந்த ரெண்டு நாளு எங்கூட உக்காந்து எதத் தேடுனீங்க?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இது இருக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமில்ல? நாலு செகண்டாவது குடுத்திருக்கலாமில்ல?"

"நாலு செகண்டு குடுத்தா மீதி எங்கன்னு கேப்ப."

"அப்புறமும் போட்டிருக்கீங்க. ஏழு கல்யாணத்துக்கு."

"நல்ல சிரிப்பும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வேற எதுவும் அப்பிடி உக்கார மாட்டேங்குது."

அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சரோஜாக்கா எப்போது வந்தாளோ, வாசலில் பையோடு நின்றிருந்தாள். அவர், "காப்பி பண்ணிக்க" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

நான் காப்பி எடுக்கவில்லை. பெட்டியிலிருந்தே வெட்டி என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டேன். மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் அது காணாமல் போனது. அவர் திரையைப் பார்த்தார், தடுக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போது தனியாகத்தான் விசேஷங்களுக்குப் போகிறேன். எடுத்ததை மூன்று இடத்தில் வைக்கிறேன், கேட்டவர்களுக்கு நாலாவதும் கொடுக்கிறேன்.

போன மாதம் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் பேசப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா, "எங்க பையன் கல்யாணத்துக்கு நீங்க அந்தக் கடையில இருந்து வந்து எடுத்தது மாதிரியே எடுக்கணுங்க, போட்டுக் காட்டறேன் பாருங்க" என்று டிவியைப் போட்டார். ரிமோட் டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாளின் கையில் இருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் குடத்துக்குள் கைவிட்டு மோதிரம் தேடுகிறார்கள். ஓரத்தில் மஞ்சள் சேலையில் ஒரு பெண் குனிந்து பார்க்கிறாள். முகம் தெரியவில்லை.

'ஹக்'. மூச்சு மேலே போய், உடைந்து உடைந்து இறங்கியது.

"எங்க பெரியக்காங்க இது" என்றார் அந்த அம்மா. "கல்யாணம் முடிஞ்சி நாப்பதாம் நாளு போயிட்டாங்க. அவங்க சிரிக்கறது இதுல ஒரு எடத்துலதான் இருக்குது. எங்கம்மா தெனம் காலையில இதக் கேட்டுட்டுதான் வாயில தண்ணியே ஊத்துவாங்க."

பாயில் இருந்த அம்மாள் பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டாள். என் அம்மா மறுபடி சிரித்தாள். அந்த அம்மாள் திரையைத் தொடுகிற மாதிரி கையை நீட்டினாள். "எம்பொண்ணு சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேக்கும்" என்று என்னிடம் சொன்னாள்.

அது உங்கள் மகள் இல்லை, என் அம்மா என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் பையில் லேப்டாப்பில் சாட்சியும் இருந்தது. அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமாங்க, உங்க பொண்ணு நல்லா சிரிக்கறாங்க" என்றேன்.

அம்மா சிரிப்பை இன்னொருத்தி சிரிப்பாக்கி அவர் சொன்ன பொய்யை என் வாயாலும் சொல்ல வைத்துவிட்டார். மற்றதை எல்லாம் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.